லைட் போடறதுக்கு முன்னாடி போயி நில்லுங்க

நீங்க கேட்டது இதானுங்க: டிசம்பர் கடைசியில திருப்பூர்ல இருந்து குன்னூர், ஊட்டி வர்றோம், பையனுக்கு 4 வயசு, பாப்பாவுக்கு ஒன்றரை, டிக்கெட் எதுவும் இல்லாம வெளியவே போட்டிருக்கற லைட் அலங்காரம் எதாச்சும் ராத்திரில கூட்டிட்டுப் போயி காட்டலாமா, குளிர்லயும் கூட்டத்துலயும் பிள்ளைங்கள சமாளிக்க முடியுமான்னு. தாராளமா முடியுமுங்க. நான் குன்னூர்ல மைக் செட், சீரியல் செட் போடற வேலையில 20 வருஷத்துக்கு மேல இருக்கேன், கோயில் திருவிழா, சர்ச் திருநாள், கல்யாணம், கட்சி மீட்டிங் எல்லாம் போட்டிருக்கேன், வீட்லயும் ரெண்டு பிள்ளைங்க வளத்திருக்கேன், அதனால ரெண்டு பக்கமும் தெரியும். பதில் கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுமையா படிங்க.

மத்ததெல்லாம் மறந்தாலும் ஒண்ண மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. லைட் எரிய ஆரம்பிச்சதுக்கு அப்புறம் போகாதீங்க, எரியறதுக்கு முன்னாடியே போயி நின்னுருங்க.

ஏன் சொல்றேன்னா, என் பெரிய பொண்ணுக்கு 3 வயசு இருக்கறப்ப ஒரு திருவிழாவுக்கு ராத்திரி ஒன்பதரைக்கு தூக்கிட்டுப் போனேன், நானே போட்ட லைட்டு, 40 அடி உயரத்துக்கு அம்மன் போர்டு, அத காட்டணும்னு அவ்வளவு ஆசை எனக்கு. இருட்டு ரோட்டுல இருந்து வளைவு திரும்பினதும் மொத்த வெளிச்சமும், மைக் சத்தமும், ஜனமும் ஒரே அடியா மேல வந்து விழுந்த மாதிரி ஆகி அவ கத்துன கத்து இன்னும் காதுல இருக்கு, முகத்த என் தோள்லயே புதைச்சுகிட்டா, திரும்பிப் பாக்கவே மாட்டேன்னுட்டா. அடுத்த நாள் சாயங்காலம் அஞ்சரைக்கு டெஸ்டிங் போறப்ப வேற வழியில்லாம கூட்டிட்டுப் போனேன், அவங்க அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. வெளிச்சம் இருக்கறப்பவே அந்த போர்ட தொட்டுடற தூரத்துல நின்னு இது பல்பு, இது ஒயரு, இது மூங்கில்னு எல்லாம் கேட்டா, ஆறு மணிக்கு மேல மெதுவா இருட்டிட்டு வந்துச்சு, நாங்க ஒவ்வொரு லைனா போட்டுப் பாத்தோம், ஒவ்வொரு லைன் எரியறப்பவும் கை தட்டுனா. அதே போர்டு, அதே பொண்ணு. அவளுக்கு பயம் லைட்டு மேல இல்ல, எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியாத வெளிச்சத்து மேலதான்.

அதனால நேரம்தான் முதல் கணக்கு. டிசம்பர் கடைசியில நம்ம பக்கம் சூரியன் மறையறது சாயங்காலம் 6 மணி, 6.10 வாக்குல. அதுக்கப்புறம் வானத்துல ஒரு நீலம் நிக்குமே, அது நம்ம ஊர்ல ஒரு 20, 25 நிமிஷம்தான், பூமத்திய ரேகைக்கு பக்கத்துல இருக்கறதால சூரியன் செங்குத்தா கீழ இறங்கிடும், குளிர் நாட்டுல மாதிரி மணிக்கணக்கா மங்கல் வெளிச்சம் இருக்காது. நீங்க 5.45க்கு இடத்துல இருந்தீங்கன்னா வெளிச்சத்துலயே பாத்ரூம் எங்க, வண்டி எங்க, படி எங்கனு பாத்துக்கலாம், பிள்ளைங்களும் ஓடி ஆடி இடத்த பழகிக்கும், அப்புறம் இருட்டறதயும் லைட் எரியறதயும் ரெண்டையும் பாக்கும். போட்டோ எடுக்கறதா இருந்தாலும் அந்த 20 நிமிஷம்தான் நல்ல நேரம், முழுசா இருட்டிட்டா முகம் கருப்பாவும் லைட் வெள்ளையா பூத்தும்தான் வரும். 6.45க்கு கிளம்பிடுங்க. ஒரு மணி நேரம் போதும், ஒன்றரை வயசுப் பாப்பாவுக்கு அதுவே ஜாஸ்தி.

இப்ப எங்க போறதுன்னு. டிசம்பர்ல காசில்லாம பாக்கறதுன்னா சர்ச்சுகளும் சர்ச் சுத்தி இருக்கற தெருக்களும்தான். ஊட்டில செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச் இருக்கு, 1830ல கட்டுனது, உள்ள இருக்கற பெரிய உத்தரமெல்லாம் ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்பு சுல்தான் அரண்மனையில இருந்து கொண்டு வந்த மரம்னு சொல்லுவாங்க, மேட்டுல இருக்கறதால தூரத்துல இருந்தே தெரியும். குன்னூர்லயும் பழைய சர்ச்சுங்க நிறைய. ஆனா எனக்குப் பிடிச்சது பெரிய சர்ச் இல்லைங்க, வெலிங்டன், அருவங்காடு பக்கம் லைன் வீடுகள்ல வாசலுக்கு வாசல் ஸ்டார் கட்டி தொங்க விட்டிருப்பாங்க, சில வீட்ல வாசல்லயே குடில் வெச்சு அதுக்குள்ள ஆட்டுக்குட்டி, வைக்கோல், குட்டி குட்டியா சீரியல் பல்பு. 4 வயசுப் பையனோட உயரம் ஒரு மீட்டர்தான், 40 அடி கோபுர லைட்ட அவன் அண்ணாந்து பாத்து ரெண்டு நிமிஷத்துல கழுத்து வலிச்சு விட்டுடுவான், ஆனா அவன் கண்ணுக்கு நேரா இருக்கற குடில் முன்னாடி கால் மணி நேரம் உக்காருவான். குனிஞ்சு அவன் உயரத்துல இருந்து ஒரு தடவ பாருங்க, கூட்டத்துல அவனுக்குத் தெரியறதெல்லாம் பெரியவங்க காலுதான். வீட்டு வாசல்ல நின்னு பாக்கறப்ப வீட்டுக்காரங்க இருந்தா ஒரு வார்த்த கேட்டுட்டுப் பாருங்க, நம்ம மலைக்காரங்க கேக்கைக் கையில கொடுத்துத்தான் அனுப்புவாங்க.

நாள் விஷயத்துல, 24ஆம் தேதி ராத்திரி வேண்டாம். நடுராத்திரி பூசைக்கு வர்ற கூட்டமும் டூரிஸ்ட் கூட்டமும் சேர்ந்து ஊட்டி டவுன் சேரிங் கிராஸ்ல இருந்து நகரவே நகராது, அந்த ட்ராபிக்ல வண்டிக்குள்ள ரெண்டு பிள்ளைங்கள வெச்சுகிட்டு நிக்கறது பெரிய பாடு. ஸ்டாரும் குடிலும் ஜனவரி 6, மூணு ராஜாக்கள் திருநாள் வரைக்கும் இருக்கும். உங்களால தேதி மாத்த முடிஞ்சா ஜனவரி 2க்கு மேல ஒரு வார நாள்ல வாங்க, அதே லைட்ட பாதி கூட்டத்துல பாக்கலாம். இன்னொரு தடவ வர்றதா இருந்தா ஏப்ரல்ல வாங்க, ஊட்டி மாரியம்மன் திருவிழாவும் குன்னூர் தந்தி மாரியம்மன் திருவிழாவும் அப்பத்தான், குளிரும் கம்மி, சீரியல் செட்னா என்னன்னு அப்பத்தான் முழுசா தெரியும். மே மாசம் மலர் கண்காட்சிக்கு பொட்டானிக்கல் கார்டன்ல டிக்கெட் உண்டு, அது வேற கணக்கு.

ஊட்டியா குன்னூரான்னு கேட்டீங்கன்னா இந்த வயசுப் பிள்ளைங்களுக்கு நான் குன்னூர்தான் சொல்லுவேன். ஊட்டி 2,240 மீட்டர், குன்னூர் கிட்டத்தட்ட 1,850, அந்த 400 மீட்டர் இறக்கத்துக்கே 2, 3 டிகிரி வித்தியாசம் இருக்கும். அதவிட முக்கியம், வானம் தெளிவா இருக்கற ராத்திரில தரை வேகமா குளுந்துடும், அது மேல இருக்கற காத்தும் குளுந்து கனத்து தண்ணி மாதிரி பள்ளத்துக்கு வழிஞ்சு தேங்கி நிக்கும், அதான் ஊட்டில காந்தல், தலைகுந்தா, குதிரை பந்தய மைதானம் மாதிரி தாழ்வான இடத்துல எல்லாம் காலைல புல்லு வெள்ளையா உறைபனி படிஞ்சு கிடக்கறது. மேட்டுல இருக்கற தெருவுல அவ்வளவு இருக்காது. அதனால ஊட்டிலயே பாக்கறதா இருந்தாலும் பள்ளத்துல இருக்கற மைதானத்த விட்டுட்டு மேட்டுல இருக்கற இடமா பாருங்க.

குளிருக்கு உடுத்தறதுல கீழ இருந்து வர்றவங்க எல்லாரும் செய்யற ஒரு தப்பு இருக்குங்க, ஒரே ஒரு தடி ஸ்வெட்டர மாட்டி குல்லாவ மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுடுவாங்க. பையன் ஓடுவான், உள்ள வேர்க்கும், அந்த வேர்வ குளுந்து அதுலதான் நடுங்குவான். உள்ள ஒரு பனியன், மேல முழுக்கை சட்டை, அதுக்கு மேல ஸ்வெட்டர், வெளிய காத்து புகாத ஜாக்கெட், இப்படி மெல்லிசா நாலு அடுக்கு போட்டா ஓடறப்ப ஒண்ண கழட்டலாம், நின்னா மாட்டலாம். பாப்பா விஷயம் வேற, அது நடக்காது, உங்க இடுப்புல இருக்கும், நீங்க நடக்கறதால உங்களுக்கு சூடா இருக்கும், அது சும்மா இருக்கறதால அதுக்கு குளிரும், உங்க உடம்பு சூட்ட வெச்சு அத கணக்கு போடாதீங்க. கை விரல் சில்லுனு இருக்கறது சகஜம், பிடரியில கை வெச்சுப் பாருங்க, அங்க வெதுவெதுன்னு இருந்தா சரி, அங்கயும் சில்லுனு இருந்தா உடனே கிளம்பிடுங்க. சாக்ஸ் ரெண்டு செட் கூடுதலா எடுங்க, ஆறரைக்கு மேல புல்லுல பனி இறங்கிடும், ஈர சாக்ஸோட இருக்கற பிள்ளைக்கு எந்த லைட்டும் பிடிக்காது. தள்ளுவண்டி வேண்டாமுங்க, எங்க ஊர்ல பாதி தெரு படிக்கட்டுதான், மீதி தரையில ஒயர் ஓடும்.

மஞ்சு, அதாங்க மூடுபனி, வந்துட்டா திரும்பிப் போயிடலாமான்னு யோசிப்பீங்க. மழைன்னா திரும்பிருங்க, மஞ்சுன்னா இருங்க. மஞ்சு வந்தாத்தான் லைட்டே அழகு. சாதாரண நாள்ல ஃபோகஸ் லைட்டோட ஒளி போற பாதை கண்ணுக்குத் தெரியாது, போயி விழற இடம்தான் தெரியும், மஞ்சுல அந்த சின்ன சின்ன தண்ணித் துளி மேல பட்டு சிதறி ஒளி அப்படியே தூண் மாதிரி நிக்கும், ஒவ்வொரு பல்பையும் சுத்தி ஒரு வளையம் கட்டும். பிள்ளைங்க அந்தத் தூணுக்குள்ள கைய விட்டு விட்டு எடுக்கும், அது அதுங்களுக்குப் போதும். மஞ்சு அடர்த்தியாகி பத்தடி தூரத்து ஆள் தெரியலன்னா மட்டும் வண்டி ஓட்ட முடியாது, அப்ப காத்திருக்காம மெதுவா ரூமுக்குப் போயிருங்க.

பையன் கேள்வி கேப்பான், 4 வயசுல அதான வேலை. என்கிட்ட கேக்கற பிள்ளைங்களுக்கு நான் சொல்றத சொல்றேன். சீரியல்னு ஏன் பேருன்னா பழைய காலத்துல பல்புங்கள ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா வரிசையா கோத்துருப்போம், 6 வோல்ட் பல்பு 40 கோத்தா 240 வோல்ட், வீட்டு கரண்ட அது பங்கு போட்டுக்கும். எல்லாரும் கை கோத்து நிக்கற மாதிரி, ஒருத்தன் கைய விட்டா மொத்த வரிசையும் அணைஞ்சிடும், அந்த ஒரு பல்ப டெஸ்டர வெச்சு தேடறதுலயே எங்க அப்பாவோட பாதி ராத்திரி போயிருக்கு. லைட் ஓடற மாதிரி தெரியறதுக்கு அப்ப கம்ப்யூட்டர் இல்ல, மோட்டார் வெச்ச ஒரு டிரம்மு, அது மேல செப்புத் தகடு ஒட்டியிருக்கும், அது சுத்த சுத்த ஒவ்வொரு லைனா தொட்டு தொட்டு விடும், டக் டக்குனு சத்தம் கேக்கும், மயில் தோகை விரிக்கறதும் சக்கரம் சுத்தறதும் எல்லாம் அந்த டிரம்முதான். லைட் எதுவும் ஓடல, இது அணையறப்ப பக்கத்துல இருக்கறது எரியுது, அவ்வளவுதான், நாலு பிள்ளைங்கள வரிசையா நிக்க வெச்சு ஒவ்வொருத்தரா கை தூக்க சொன்னா பையனுக்கு உடனே புரிஞ்சிடும்.

நீலக் கலர் லைட் பாத்தா அவன்கிட்ட இதையும் சொல்லுங்க. எங்க சின்ன வயசுல நீலம்னா பல்பு மேல நீல பெயின்ட் அடிச்சதுதான், மங்கலா இருக்கும், ரெண்டு மழைக்கு உதிர்ந்துடும். எல்இடில சிவப்பும் பச்சையும் ரொம்ப முன்னாடியே வந்துடுச்சு, பளிச்சுனு நீலம் வர 1990கள் ஆயிடுச்சு, அத கண்டுபிடிச்ச அகாசாகி, அமானோ, நகமுரா மூணு பேருக்கும் 2014ல பிசிக்ஸ் நோபல் கொடுத்தாங்க. அந்த நீலம் வந்ததாலதான் வெள்ளை எல்இடியும் வந்துச்சு, இன்னிக்கு வீட்ல எரியற பல்பு எல்லாம் அதுலதான்.

அதே நீலத்துல ஒரு எச்சரிக்கையும் இருக்கு. சின்னப் பிள்ளைங்களுக்கு கண்மணி பெருசு, உள்ள லென்ஸும் ரொம்ப தெளிவு, நம்மளவிட அதுங்க கண்ணுக்குள்ள வெளிச்சம் ஜாஸ்தி போகும், ராத்திரில நீலமும் வெள்ளையும் நிறைய பட்டா தூக்கம் வரவைக்கற மெலடோனின் சுரக்கறது தள்ளிப் போயிடும். லைட் பாத்துட்டு வந்த பிள்ளை பத்து மணி வரைக்கும் குதிக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம், வெறும் அடம் இல்ல. திரும்பி வர்ற வழியில வண்டிக்குள்ள போன் கொடுக்காதீங்க, ரூம்ல ஒரு மஞ்ச பல்பு மட்டும் போட்டு வையுங்க.

கண் சமாச்சாரத்துல இன்னொண்ணு, இது ரொம்ப முக்கியம். சில இடத்துல டிஜே மாதிரி படபடன்னு வெட்டற லைட் போட்டிருப்பாங்க. செகண்டுக்கு 3ல இருந்து 30 தடவ வெட்டற வெளிச்சம் சிலருக்கு வலிப்ப கிளப்பிடும், 1997ல ஜப்பான்ல ஒரு டிவி கார்ட்டூன்ல சிவப்பும் நீலமும் அப்படி மாறி மாறி வெட்டுனதுல 600க்கும் மேல பிள்ளைங்கள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. வீட்ல யாருக்காவது வலிப்பு இருந்திருந்தா அந்த மாதிரி லைட் பக்கமே போகாதீங்க. திடீர்னு அப்படி லைட் போட்டுட்டாங்கன்னா கண்ண மூடச் சொல்றது பத்தாது, இமைக்குள்ளயும் வெளிச்சம் போகும், உள்ளங்கையால பிள்ளையோட ஒரு கண்ண முழுசா பொத்தி முகத்த லைட் இல்லாத பக்கம் திருப்பிடுங்க. லேசர் பச்சைக் கோடு ஆள் உயரத்துல அடிச்சா அந்த இடத்த விட்டே வந்துடுங்க. என்னைக் கேட்டா பிள்ளைங்க வர்ற இடத்துல வெட்டற லைட்டே போடக் கூடாது, நான் போடறதில்ல, கேட்டாலும் மெதுவா மாறற மாதிரிதான் செட் பண்ணித் தருவேன்.

கரண்ட் விஷயம் என் தொழில், அதனால கொஞ்சம் கண்டிப்பாவே சொல்றேன். மலையில பனியும் ஈரமும் ஜாயின்டுக்குள்ள இறங்கிடும், ஒழுங்கா வேலை செய்யறவங்க 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபின்னு ஒரு பாதுகாப்பு சுவிட்ச் போட்டிருப்பாங்க, லேசா லீக் ஆனாலும் டப்புனு ட்ரிப் ஆகி உயிர காப்பாத்திடும், ஆனா எல்லாரும் போடறாங்கன்னு நீங்க நம்பி இருக்க வேண்டாம். மரத்துல சுத்தின லைட்டு, இரும்புக் கம்பம், தகரத் தட்டி, கம்பி வேலி, எதையும் பிள்ளைங்க தொட வேண்டாம். "தொடாத, தொடாத"ன்னு கத்துனா தொடும், அதனால நாங்க வீட்ல ஒரு வெளையாட்டு வெச்சிருந்தோம், லைட் கிட்டக்க போனா கைய பின்னாடி கட்டிக்கணும், கண்ணாலதான் தொடணும், யாரு கை முன்னாடி வருதோ அவங்க அவுட்டு. 4 வயசுக்கு இது நல்லா வேலை செய்யும். அவங்க அப்பா பையன தோள்ல தூக்கி வெச்சுகிட்டு நடப்பாருல்ல, அப்ப தலைக்கு மேல பாக்கச் சொல்லுங்க, ஆள் தலைக்கு இடிக்காத உயரத்துல நாங்க இழுத்து கட்டுன லைன் தோள்ல உக்காந்த பிள்ளை கைக்கு நேரா வரும், என் சர்வீஸ்ல நான் அதிகமா ஓடிப் போயி தடுத்தது இதத்தான்.

போனதும் ஜெனரேட்டர் எங்க நிக்குதுன்னு பாத்துக்கங்க. சத்தமும் டீசல் புகையும் அங்கதான், அதுக்கு எதிர்ப் பக்கமா நின்னா பாப்பா அழுகை பாதி குறையும். பலூன்காரர்கிட்ட கேஸ் சிலிண்டர் இருந்தா அதுகிட்டயும் நிக்காதீங்க.

அப்புறம் இந்த மினுக்கு மினுக்குனு எரியற பொம்மை, கொம்பு, மோதிரம், லைட் பலூன் எல்லாம் விப்பாங்க. தயவு செஞ்சு பாப்பாவுக்கு வாங்கித் தராதீங்க, பையனுக்கு வாங்கினாலும் பாப்பா கைக்கு எட்டாம வெச்சுக்கங்க. அதுக்குள்ள காசு மாதிரி தட்டையா ஒரு பட்டன் செல் இருக்கும், மலிவு பொம்மையில ஸ்க்ரூ கூட இருக்காது, கீழ போட்டா மூடி கழண்டு செல் வெளிய வந்துடும். ஒன்றரை வயசுப் பிள்ளை அத விழுங்கிட்டா உணவுக்குழாய்ல மாட்டி, எச்சில் ஈரத்துல கரண்ட் பாஞ்சு, ரெண்டு மணி நேரத்துல சதைய அரிச்சுடும். விழுங்கிடுச்சோன்னு சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காதீங்க, காலைல பாக்கலாம்னு இருக்காதீங்க, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயி பட்டன் செல்னு சொல்லுங்க, எக்ஸ்ரே எடுத்துப் பாப்பாங்க. அந்தப் பொம்மைக்குப் பதிலா கீழ இருந்தே ஒரு சின்ன டார்ச் வாங்கிட்டு வாங்க, பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு மூடற மாதிரி. பையன் கையில அவன் டார்ச்ச கொடுத்துட்டீங்கன்னா இருட்டு அவனோட இருட்டு ஆயிடும், பயம் போயிடும், அவன்தான் உங்களுக்கு வழி காட்டுவான்.

வண்டிய எங்கயோ தூரத்துல நிறுத்திட்டு தேயிலைத் தோட்டத்து ஒத்தையடிப் பாதையில குறுக்கால நடந்து வரலாம்னு மட்டும் நினைக்காதீங்க. இருட்டுனதும் காட்டுமாடு ரோட்டுக்கே வரும், கரடியும் வரும், கோத்தகிரி, குன்னூர் பக்கம் கோயில் விளக்கு எண்ணெய் குடிக்கறதுக்குன்னே கதவ ஒடச்சு உள்ள போகும். காட்டுமாடு எதுக்க வந்தா நின்ன இடத்துலயே பிள்ளைங்கள தூக்கிக்கங்க, டார்ச்ச முகத்துல அடிக்காதீங்க, கத்தாதீங்க, மெதுவா பின்னால வாங்க. வண்டிக்குள்ள இருந்தீங்கன்னா ஹாரன் அடிக்காம நின்னுடுங்க, அதுவே போயிடும். தெரு விளக்கு இருக்கற ரோட்டுல, ஆள் நடமாட்டம் இருக்கற இடத்துலயே நடங்க.

வர்ற அன்னிக்கே சாயங்காலம் லைட் பாக்க ப்ளான் போடாதீங்க. மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் வரைக்கும் 14 கொண்டை ஊசி வளைவு, பிள்ளைங்க வாந்தி எடுத்து துவண்டு போயிருக்கும், ரெண்டாவது நாள் வெச்சுக்கங்க. அன்னிக்கு மதியம் நல்லா தூங்க வெச்சுடுங்க. 2024 மே மாசத்துல இருந்து வெளி மாவட்ட வண்டிக்கு இ-பாஸ் வேணும், ஆன்லைன்லயே எடுத்துடலாம், அத மறந்துட்டு செக்போஸ்ட்ல நிக்காதீங்க. பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலும் நீலகிரிக்குள்ள தடை, அதனால எப்படியும் ஸ்டீல் பாட்டில்தான் கொண்டு வருவீங்க, கூட ஒரு ஃப்ளாஸ்க்ல சூடா பால் எடுத்துக்கங்க. பையனுக்கு எங்க ஊர் பேக்கரில கிடைக்கற மொறுமொறு வர்க்கி வாங்கிக் கொடுங்க, பால்ல தொட்டு திங்கட்டும், கை குளிர்ந்து போன பிள்ளைக்கு சூடா எதாச்சும் உள்ள போனா இன்னும் கால் மணி நேரம் சிரிச்சுகிட்டு இருக்கும். சட்டையோட உள் பக்கம் உங்க போன் நம்பர எழுதி விடுங்க, பேர எழுதாதீங்க, பேர் தெரிஞ்சவங்க கூப்பிட்டா பிள்ளை நம்பிப் போயிடும்.

கூட்டமே வேண்டாம், பாப்பாவுக்கு தாங்காதுன்னு தோணுச்சுன்னா தங்கற இடத்து வாசல்லயே நாலு அகல் விளக்கு ஏத்தி வைங்க, கார்த்திகை முடிஞ்சு போயிருந்தா என்னங்க, பையன் கையால திரி போடட்டும். ஆனா தேங்காய் எண்ணெய் கொண்டு வராதீங்க, 24 டிகிரிக்கு கீழ போனாலே உறைஞ்சிடும், எங்க ஊர்ல தலைக்கு வெக்கற எண்ணெயையே வெயில்ல வெச்சுத்தான் எடுப்போம். நல்லெண்ணெய் உறையாது, நல்லா நின்னு எரியும்.

கடைசியா ஒரு விஷயம், எந்த இடத்துல எத்தன மணிக்கு லைட் போடுவாங்கன்னு போர்டு எதுலயும் எழுதி இருக்காது. கம்பத்துக்குக் கீழ பேனல் போர்டு பக்கத்துல காதுல பென்சில், பாக்கெட்டுல டெஸ்டரோட ஒருத்தர் நின்னுட்டு இருப்பாரு, அவர்கிட்ட போயி "அண்ணா, எத்தன மணிக்குங்க போடுவீங்க, பிள்ளைங்களுக்கு காட்டணும்"னு கேளுங்க. எங்க யாருகிட்டயும் ஜனங்க அத கேக்கறதே இல்ல, வந்து பாத்துட்டு போயிடுவாங்க, அதனால கேட்டா சந்தோஷமா சொல்லுவாரு, முடிஞ்சா பையன பக்கத்துல நிக்க வெச்சு ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணச் சொல்லி அவன் மூணுன்னதும் மெயின போடுவாரு. சுவிட்ச்ச மட்டும் பையன் கைல கொடுக்கச் சொல்லி கேட்டுடாதீங்க, நாங்க தர மாட்டோம்.